தளபதி தப்பித்த சந்து

போன வாரம், மகள் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனதோடு விட்டிருந்தோம். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பாட்டுக்குப் புது நாவலில் ஒரு யானையை ஆற்றைக் கடக்க வைப்பதில் மும்முரமாக இருந்தார். தூக்கம் கெட்டது மகளுக்குத்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா ஊரறிந்த சிவில் வக்கீல். கோர்ட்டில் 'பெரிய வக்கீல்' என்றால் இன்றைக்கும் அவர்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் கொஞ்சம் சீக்கிரமாகவே கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு, இந்த ஆற்றங்கரைச் சீமையைப் பற்றிச் சரித்திர நாவல்களாக எழுத ஆரம்பித்தார். முதல் நாவல் 'கரையேறிய படை'. அது பிய்த்துக்கொண்டு போனது. மகள் அவருடைய அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து தொழில் பார்க்கிறாள். அவள் 'சின்ன வக்கீல்'. வயது நாற்பதைத் தாண்டியும் அந்தச் 'சின்ன' அவளை விட்டுப் போகவில்லை.

வழக்கு இதுதான். படகுத்துறையிலிருந்து மார்க்கெட்டுக்கு ஒரு சந்து இருக்கிறது. சந்தின் இரண்டு பக்கத்து இடத்தையும் வாங்கிய மரவாடி முதலாளி, சந்தும் தன்னுடையதுதான், கேட் போட்டுப் பூட்டப்போகிறேன் என்கிறார். பூட்டினால் படகோட்டிகள் தலைச்சுமையோடு ஊரைச் சுற்றித்தான் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். படகுச் சங்கம் வழக்குப் போட்டது. சின்ன வக்கீல் மரவாடி பக்கம்.

சங்கத்துக்காரர்கள் சொல்லும் காரணம்தான் விசேஷம். அந்தக் காலத்தில் ஒற்றைக்கண் தளபதி ஒருவர் எதிரிகளிடமிருந்து இந்தச் சந்து வழியாகத் தப்பி ஓடிவந்தாராம். படகோட்டிகள் அவரை ஒளித்து அக்கரை சேர்த்தார்களாம். அதற்கு நன்றியாக, சூரியனும் சந்திரனும் உள்ளவரை இந்தச் சந்து உங்களுடையது என்று அவர் கொடுத்துவிட்டுப் போனாராம். சந்து முனையில் தளபதியின் படம் போட்ட பலகைகூட வைத்திருக்கிறார்கள்.

அத்தனையும் 'கரையேறிய படை'யில் வருவது. பலகையில் இருக்கும் முகம் அந்த நாவலின் அட்டைப்படம். அதை வரைந்த ஓவியர், ஆள் கிடைக்காமல் அச்சகத்துக் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, ஒரு கண்ணைக் கட்டிவிட்டு வரைந்தார். பாவம், அந்த மனிதர் ஆற்றில் கால்கூட நனைத்தவரில்லை.

மரவாடியின் வாதம் எளிமையானது. இந்த நாவல் வந்த பிறகுதான் ஆட்கள் தளபதி ஓடிய சந்தைப் பார்க்கிறேன் என்று உள்ளே வந்து நடமாட ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் ஈ காக்கைகூட அந்தப் பக்கம் வந்ததில்லை என்பது. சங்கம் இதை முறியடிக்க வயதான படகோட்டிகளைச் சாட்சிக்குக் கொண்டுவந்தது. அவர்கள் சிறு வயதிலிருந்து தாங்கள் நடந்ததைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கூண்டில் ஏறியதும் எல்லாருக்கும் தளபதி வந்துவிட்டார். நாவலில் இருக்கும் வசனத்தை வரி பிசகாமல் ஒப்பித்துவிட்டு இறங்கினார்கள். நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டார்.

கடைசி அஸ்திரமாகச் சங்கத்தின் வக்கீல் பெரிய வக்கீலையே சாட்சிக்கு அழைத்துவிட்டார். சரித்திரம் எழுதியவருக்குச் சரித்திரம் தெரியாதா என்பது அவர் கணக்கு.

"கூண்டுல என்னப்பா சொல்லப்போறீங்க?" என்று மகள் போன வாரம் கேட்டாள்.

"நான் அவங்க சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல்கிட்ட வீட்டுல உக்காந்து அதைப் பேசக்கூடாது."

"அப்பா, நான் உங்க பொண்ணு!"

"அதனாலதான் இன்னும் பேசக்கூடாது."

அதற்குத்தான் கதவு படார்.

ஆனால் மரவாடி முதலாளியிடம் அவள் வேறு மாதிரி பேசியிருந்தாள். உங்கப்பாவை நீங்களே விசாரிக்கப்போறீங்களா, வேற வக்கீல் வெச்சுக்கட்டுமா என்று அவர் இழுத்தபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பா கூண்டுல ஏறிப் பொய் சொல்ல மாட்டார். நான் கேட்டா, எல்லாம் கதைன்னு ஒத்துக்குவார். அதோட கேஸ் முடிஞ்சுது." முதலாளி அந்த வார்த்தையை நம்பித்தான் கையில் எடுத்த கோப்பைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

*

இன்று விசாரணை நாள்.

காலையில் அம்மா அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் யாரோடு பேசினார்கள், யாருக்கு எந்த நம்பர் என்பதெல்லாம் இன்னும் அவள் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. கணவரின் நாவல்களில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. ஆளே வீட்டில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பாள்.

"சாட்சி சொல்லப் போறவருக்கு கோட்டு வேண்டாமாங்க?"

"வக்கீலுக்குத்தான் கோட்டு. எனக்கு இந்தச் சட்டை போதும்."

"ரெண்டு பேரும் ஒரே கார்ல போயிடுங்களேன்."

"நான் ஆட்டோல போறேன்" என்றார் அப்பா.

"நானும்" என்றாள் மகள்.

அப்படி, காரை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் இரண்டு ஆட்டோவில் போனார்கள்.

கோர்ட் ஹாலில் இடமில்லை. படகோட்டிகள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் கையில் 'கரையேறிய படை' இருந்தது. படித்துப் படித்து அட்டை கழன்று, ரப்பர் பேண்டு போட்டிருந்தார். பெரிய வக்கீல் உள்ளே வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நீதிபதி வரும்போதுகூட அவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்திருக்கவில்லை.

"சாட்சி உங்க அப்பா. குறுக்கு விசாரணை நீங்க பண்றதுல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று நீதிபதி கேட்டார்.

யாருக்கும் இல்லை. அப்பா மட்டும், "எனக்கு எதுவும் இல்லைங்க. வீட்டுல தினமும் நடக்கறதுதான்" என்றார். ஹால் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

சங்கத்தின் வக்கீலுக்கு பார் ரூமில் 'மைக் செட்' என்று பெயர். அவர் பேசினால் பக்கத்துக் கோர்ட்டில் விசாரணை நின்றுவிடும். இன்றைக்கும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"தளபதி இந்தச் சந்து வழியாத்தானே ஐயா தப்பிச்சார்?"

"நாவல்ல அப்படித்தான்."

"படகோட்டிகளுக்கு இதைக் கொடுத்துட்டுப் போனார்தானே?"

"நாவல்ல கொடுத்தார்."

மைக் செட் வெற்றிக் களிப்போடு உட்கார்ந்தார். அந்த 'நாவல்ல' அவர் காதில் ஏறவே இல்லை. மனிதருக்கு வாய் அளவுக்குக் காது இல்லை என்று நாம் முன்பே சொல்லியிருக்கிறோம்.

மகள் எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தளபதி இருந்ததுக்கு ஏதாவது கல்வெட்டு இருக்கா?"

"இல்ல."

"செப்பேடு?"

"இல்ல."

"அப்ப எங்கிருந்து வந்தார்?"

"எனக்கு ஒரு தளபதி தேவைப்பட்டார். வரவழைச்சேன்."

"அந்த ஒத்தக் கண்ணு?"

"என் கட்சிக்காரர் ஒருத்தருக்கு ஒரு கண்ணுதான். நல்ல மனுஷன். அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டேன்."

"சூரியனும் சந்திரனும் உள்ளவரைன்னு சந்தைக் கொடுத்தது?"

"அது நான் எழுதின வசனம். மூணு தடவை அடிச்சுத் திருத்தினேன்."

சங்கத் தலைவர் மடியில் இருந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். ரப்பர் பேண்டை ஒரு தடவை இழுத்து விட்டார். அப்பா அவரைப் பார்த்ததையும், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் மகள் கவனித்தாள். அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பா அவள் சொன்னபடியே பொய் சொல்லவில்லை. பின்வரிசையில் மரவாடி முதலாளி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

அங்கேயே அவள் உட்கார்ந்திருக்கவேண்டும். ஜூனியர் பெண்கூட நாற்காலியை அவளுக்கு வாகாக நகர்த்திவைத்துவிட்டாள். ஆனால் தீர்ப்பில் அப்படியே எடுத்துப் போடுகிற மாதிரி ஒரு முழு வாக்கியம் அப்பா வாயிலிருந்து வந்துவிட்டால் மேல்கோர்ட்டிலும் அசைக்க முடியாது என்று அவளுக்கு ஓர் ஆசை. ஆசை யாரை விட்டது.

"ஆக, அந்தச் சந்தைப் பத்தி நீங்க எழுதினது முழுக்க முழுக்கக் கற்பனை. அப்படித்தானே?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷம் எதிர்த்தரப்பு வக்கீல்களைக் கவிழ்த்த துடைப்பு அது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே அதன் அர்த்தம் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கேள்வி வாயை விட்டுப் போய்விட்டது.

"இல்லைங்க வக்கீலம்மா. தளபதிதான் கற்பனை. சந்து கற்பனை இல்ல."

நீதிபதி பேனாவைத் திறந்தார். "விளக்கமாச் சொல்லுங்க."

"தொழிலுக்கு வந்த புதுசுல எனக்கு அக்கரையில வாடகை ரூம். காலையில படகுல வந்து இறங்கி, அந்தச் சந்து வழியாத்தான் கோர்ட்டுக்கு நடப்பேன். எனக்கு முன்னாடி மீன்கூடை போகும், பின்னாடி காய்கறி மூட்டை வரும். ஈரத்துல வழுக்கும், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். ஏன் இந்தப் பக்கம் வர்றீங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. வலது பக்கச் சுவத்துல ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருக்கும். என் புதுக் கோட்டு அதுல மாட்டி முழங்கை வரைக்கும் கிழிஞ்சுபோச்சு. நாவல் எழுதறப்ப தளபதி தப்பிக்க ஒரு வழி வேணும்னதும், எனக்குத் தெரிஞ்ச வழியா அனுப்பிவெச்சேன்."

"இது எப்ப நடந்தது?" என்றார் நீதிபதி.

"நாவலுக்கு முப்பது வருஷம் முன்னாடிங்க."

அவ்வளவுதான். வழி யார் கொடுத்தது என்பது சட்டத்துக்கு வேண்டாம். தளபதி கொடுத்தால் என்ன, தாசில்தார் கொடுத்தால் என்ன. தடை இல்லாமல் பல வருஷம் ஜனங்கள் நடந்தார்களா என்பதுதான் கேள்வி. அதற்கு நேரில் பார்த்த சாட்சி இப்போது கூண்டில் நிற்கிறார், அதுவும் சின்ன வக்கீல் கேட்டு வாங்கிக்கொண்ட சாட்சி. மைக் செட்டுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் முதல் தடவையாக அவருக்குப் பேச்சு வரவில்லை.

"அந்தக் கல்லு இன்னும் இருக்கா?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியாதுங்க. இப்ப அங்கே பலகை அடுக்கியிருக்காங்க."

"திங்கட்கிழமை நானே நேர்ல வந்து பாக்குறேன்."

*

வராந்தாவில் மரவாடி முதலாளி அவளைச் சுவரோரமாக ஒதுக்கினார்.

"என்னம்மா இது, ஜெயிச்ச கேஸைக் கூப்பிட்டுக் கொடுத்துட்டீங்க!"

"கடைசிக் கேள்வி கேட்டிருக்கக்கூடாது. என் தப்புதான்."

"சரி, போனது போகட்டும். அந்தக் கல்லு… திங்கட்கிழமைக்குள்ள ஒரு ஆளை விட்டு உடைச்சு எடுத்துட்டா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அந்தச் சுவத்துல கை வெச்சீங்கன்னா நான் இந்தக் கேஸ்ல இல்ல. நான் விலகிட்டேன்னா ஏன்னு நீதிபதி கேப்பார். பரவாயில்லயா?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேம்மா" என்று முதலாளி பின்வாங்கினார். "இன்னொண்ணும் கேக்கறேன். உங்கப்பா பொய் சொல்ல மாட்டார்னு சொன்னீங்க. இதுவும் நிஜம்தானே?"

"நிஜம்தான்" என்றாள், யோசிக்காமல்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்தச் சொன்னாள். கணக்குப்பிள்ளைத் தளபதி ஒற்றைக் கண்ணால் முறைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வலது பக்கச் சுவர் முழுக்கத் தேக்குப் பலகை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. இடுக்கில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். தூசிதான் கையில் வந்தது. தலையில் கூடையோடு வந்த ஒரு படகோட்டி, "ஐயாவோட பொண்ணுதானே? பாத்துப் போங்கம்மா, வழுக்கும்" என்று ஒதுங்கி வழி விட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை போலும்.

அவளுக்குக் கோபமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எந்தச் சாட்சியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. மீன்கூடை, மூட்டை, வழுக்கல், கல், கிழிந்த கோட்டு. தோற்றாலும் இப்படி ஒரு ஆளிடம்தான் தோற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

*

வீட்டில் அப்பா மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். யானை இன்னும் ஆற்றுக்குள்தான் நின்றது.

"போன வாரமே சொல்லியிருக்கலாமேப்பா."

"போன வாரம் நீ கேட்டது மகளா. இன்னிக்குக் கேட்டது வக்கீலா. வக்கீலுக்குப் பதில் சொல்லிட்டேன்."

"கடைசிக் கேள்வி அதிகம்."

"ஒண்ணே ஒண்ணு அதிகம்" என்றார் அப்பா. கிண்டல் இல்லை அதில். "மத்ததெல்லாம் நல்லா கேட்டே. செப்பேடு கேட்டதும் எனக்கே பயமாப் போச்சு."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் அவளைப் பாராட்டி எத்தனை வருஷம் ஆகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா டீயோடு வந்தாள். "அப்பாடா, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? என்னதான் ஆச்சு கோர்ட்டுல?"

"உன் வீட்டுக்காரர் என் கேஸைக் கவுத்துட்டார்" என்று மகள் சிரித்தபடி ஆரம்பித்தாள். தளபதி ஒழிந்த கதையைச் சொன்னாள். பிறகு படகு, சந்து, சுவரில் துருத்திய கல், அதில் மாட்டிக் கிழிந்த புதுக் கோட்டு எல்லாவற்றையும் அப்பாவின் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கல்லுல மாட்டிக் கிழிஞ்சுதா? நல்லாயிருக்கே கதை! சைக்கிள் சக்கரத்துல இல்ல மாட்டுச்சு! எக்ஸ்சேஞ்சுல என் சீட்டு ஜன்னலோரம், ஆத்துப் பாலம் பூராத் தெரியும். தினமும் பாலத்து மேல சைக்கிள்ல போவார், கோட்டு பின்னாடி பறக்கும். ஒருநாள் சரியா எங்க வாசல்ல வந்து சக்கரத்துல மாட்டிக்கிச்சு. ஊசி நூல் கிடைக்குமான்னு உள்ள வந்தவர்தான். கைப்பக்கம் முழங்கை வரைக்கும் கிழிசல், நான்தானே தெச்சேன்! அந்தக் கிழிசல் இல்லன்னா எங்களுக்குக் கல்யாணம் ஏது, நீ ஏது?" என்று மகள் கன்னத்தைத் தட்டினாள். "மனுஷனுக்குத் தண்ணின்னா ஆகாது. படகுல ஏறினா தலை சுத்தும்பார்."

அப்பாவின் பேனா தாளில் ஒரே இடத்தில் நின்றது. மகள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இந்த ஊரில் அந்தச் சாட்சியத்தை உடைக்கக்கூடிய ஒரே ஆள் இதோ எதிரில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். எந்தத் தேதியைக் கேட்டாலும் சொல்வாள். கேட்டால் படகோட்டிகளின் சந்து போகும். அப்பாவின் பேரும் அதோடு போகும். கேட்காவிட்டால், தன்னை நம்பிக் கோப்பைத் திரும்ப வைத்த மரவாடி முதலாளிக்கு மகள் கொடுத்த வார்த்தை போகும்.

இல்லை, அப்பா பொய்யே சொல்லவில்லையோ? அந்தச் சந்தில் தளபதியை ஓட வைத்து ஓட வைத்து, தானே அதில் நடந்ததாக நிஜமாகவே நம்பிவிட்டாரோ? அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை சாட்சிகளின் முகத்தைப் படித்தவளுக்கு இந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

ஒரு கேள்வி மகளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எந்த வருஷம் அம்மா, என்பதுதான் அது.

"டீ ஆறிப்போச்சும்மா" என்றாள் மகள். "கொஞ்சம் சூடு பண்ணிக் கொடேன்."

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மழைக்காலத்துல படகுலயும் வந்திருக்கேன்" என்றார் மெதுவாக.

"நான் ஒண்ணும் கேக்கலயேப்பா" என்றாள் மகள்.